அநுபூதி நின்ற இடம்

செஞ்சிக்கு அருகே வல்லத்தில் வசிக்கும் எங்களுக்குப் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை செல்வது வழக்கம். பேருந்து கோட்டைக் குன்றுகளைத் தாண்டியதும் என் நண்பர் கந்தர் அநுபூதியைத் தொடங்குவார். காப்பு நீங்கலாக 51 பாடல்களும் நூலைப் பாராமலே வரும். சென்ற ஆண்டு ஒருநாள் பாதியில் நின்றார். அடுத்த பௌர்ணமியில் அதற்கும் முன்னரே நின்றார். "மறதி நோய் வந்துவிட்டது சார்" என்றபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மருத்துவரிடம் நானும் உடன் சென்றேன். பி-12, தைராய்டு பரிசோதனைகளில் குறையில்லை. "இரவில் எப்போது உறங்குகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டதும், நண்பர் என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். திரும்பும் வழியில் அவரே கூறினார். மனைவி மறைந்தபின் இரவுகள் நீண்டுவிட்டன. மகன் வாங்கித் தந்த கைபேசியில் தற்செயலாகக் கண்ட ஆபாசப் படம், பிறகு விடிய இரண்டு மணி, மூன்று மணி வரை விடமுடியாத பழக்கமாயிற்று. வயது எழுபது. பெயரின்றி எழுத அவரே இசைந்தார்.

இந்தப் பத்திரிகையில் இதுவா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். இளமையில் காமத்தில் வீழ்ந்து, பொருளும் உடல்நலமும் இழந்து, வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து உயிர்விடக் குதித்தபோது முருகப்பெருமானால் தாங்கப்பெற்றவர் அருணகிரிநாதர் என்பது மரபுவழிச் செய்தி. அந்த மயக்கத்தைத் திருப்புகழில் அவர் மறைக்கவே இல்லை. சந்நிதியில் பாடலாம், பத்திரிகையில் பேசலாகாது என்பது எனக்கு விளங்கவில்லை.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 2014-இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 64 ஆண்களின் மூளையைப் படமெடுத்தனர். ஆபாசப் படம் அதிக நேரம் பார்ப்பதாகக் கூறியவர்களுக்கு, இன்ப நாட்டத்தோடு தொடர்புடைய ஒரு பகுதியின் சாம்பல் நிறத் திசு குறைவாக இருந்தது. பழக்கத்தால் குறைந்ததா, குறைவாக இருந்ததால் பழக்கம் பற்றியதா என்பதை அவர்களாலும் தீர்மானிக்க இயலவில்லை. பேரேடு பார்த்தே காலம் கழித்த எனக்கு, இரண்டு கணக்குகள் சேர்ந்து மாறியதாலேயே ஒன்றை மற்றதற்குக் காரணம் என்று எழுத மனம் வராது. ஜெர்மனியின் மற்றோர் ஆய்வில், இத்தகைய படங்களைக் காணும் வேளையில், கைவேலைக்காக மனம் சிறுபொழுது பிடித்துவைக்கும் நினைவு தடுமாறியது.

நண்பரின் விஷயத்தில் மருத்துவர் உறக்கத்தையே முதற்காரணமாகக் கண்டார். பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்துவது ஆழ்ந்த உறக்கத்தில்தான். உறக்கம் கெட்டால் கவனம் சிதறும். கவனம் பதியாதது நினைவில் எப்படித் தங்கும்? வெட்கமும் தனிமையும் மனச்சோர்வை வளர்க்க, முதுமையில் அந்தச் சோர்வே மறதியைப் போலத் தோற்றமளிப்பதும் உண்டு.

அவர் சொன்ன இன்னொரு செய்தியை வீட்டிலுள்ள பெரியோர் அறிவது நலம். இதுவரை இல்லாத இத்தகைய வேட்கை முதுமையில் திடீரெனத் தலைதூக்கினால், அது ஒழுக்கக்கேடாகவே இருக்கவேண்டியதில்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மாத்திரைகளின் பக்கவிளைவாக இருக்கலாம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவரிடம் கூச்சமின்றிக் கூறவேண்டும். பிள்ளைகளும் தந்தையை ஏசுமுன் இதனை நினைக்கட்டும்.

கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தையை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையிலுள்ள தன் நோய்ப்பட்டியலில் சேர்த்துள்ளது. பார்த்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு மட்டும் நோயாகாது; வாழ்க்கை குலையும் அளவுக்கு நெடுநாள் நீடிப்பதே நோய். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இணையப் பழக்கங்களுக்கென 2014-இலேயே தனிப்பிரிவு தொடங்கியது. நேரில் பேசத் தயங்குவோர் அரசின் 14416 என்ற மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இப்போது நண்பரின் கைபேசி இரவு ஒன்பது மணிக்கு அடுத்த வீட்டிலுள்ள தங்கையிடம் போய்விடுகிறது. காரணம் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இடையில் இருமுறை தவறியதாகவும் என்னிடம் ஒப்புக்கொண்டார். சென்ற பௌர்ணமியன்று 38-ஆம் பாடலில் நின்றார். நான் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தேன். திருவண்ணாமலைக் கோபுரம் தெரிவதற்குள் முடித்துவிட்டார்.