உதிரும் புள்ளிகள்

இலங்கையின் பொது இடங்களில் உள்ள பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கிறதா என்று கேட்ட காலம் ஒன்று. இருக்கும் தமிழ் பிழையின்றி இருக்கிறதா என்று கேட்ட காலம் இன்னொன்று. இப்போது மூன்றாவது கேள்வி ஒன்றையும் கேட்கவேண்டியவர்களாக இருக்கின்றோம். பிழையின்றி எழுதி மாட்டப்பட்ட தமிழ், ஆறு மாதம் கழிந்த பின்னரும் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா?

பெயர்ப்பலகை எழுதுவோர் தூரிகையும் எனாமல் வர்ணமும் கொண்டு தகரத்திலும் மரத்திலும் எழுதிய காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று கணினியில் எழுத்தை அமைத்து, பசையுள்ள வினைல் தாளில் இயந்திரத்தால் வெட்டி, இலேசான போம் போர்டில் ஒட்டிவிடுகின்றார்கள். காலையில் கொடுத்தால் மாலையில் பலகை தயார். செலவும் குறைவு. அலுவலகங்களும் பாடசாலைகளும் கோயில்களும் இதனை நாடுவதில் வியப்பில்லை.

அரச வைத்தியசாலை ஒன்றின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மாட்டப்பட்டிருந்த இத்தகைய பலகை ஒன்றை அண்மையில் பார்த்தேன். மும்மொழிகளிலும் எழுதப்பட்டிருந்தது. சிங்களமும் ஆங்கிலமும் முழுமையாக இருந்தன. தமிழில் 'பல் வைத்தியர்' என்பதன் முதற் புள்ளி உதிர்ந்து 'பல வைத்தியர்' என்று நின்றது. உள்ளே இருந்தவர் ஒருவர்தான். சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம் என்று சிலர் கருதலாம். அந்தப் புள்ளி ஏன் உதிர்ந்தது என்று சற்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

வினைல் எழுத்து எப்போதும் விளிம்பிலிருந்தே உரியத் தொடங்குகிறது. துண்டு சிறிதாகச் சிறிதாக, அதன் பரப்பு குறைந்து விளிம்பின் பங்கு கூடுகிறது. ஆங்கிலத்தில் தனித்து நிற்கும் புள்ளி சிறிய ஐ, ஜே ஆகிய இரண்டு எழுத்துகளுக்கே உண்டு. சிங்களத்தில் பெரும்பாலான குறிகள் எழுத்தோடு இணைந்தே வருகின்றன. தமிழில் மெய்யெழுத்துகள் அனைத்தும் தலைக்கு மேல் தனிப் புள்ளியைச் சுமக்கின்றன. 'பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளர்' என்ற தொடரில் எழுத்துகள் 17. அவற்றில் 4 புள்ளி பெற்றவை. அந்த 4 புள்ளிகளும் சுண்டுவிரல் நகத்திலும் சிறிய, தனித்தனித் துண்டுகள். வெட்டிய பின் வேண்டாத வினைலைக் கிள்ளி எடுக்கும்போது, தமிழ் தெரியாத தொழிலாளி அவற்றையும் கழிவென்று எடுத்துவிட இடமுண்டு. அதில் தப்பியவை ஒழுங்காக ஒட்டாவிட்டால் முதலில் விழுபவை அவையே. ஒரே பலகை, ஒரே பசை, ஒரே கவனக்குறைவு. ஆயினும் இழப்பு தமிழுக்கே அதிகம்.

இவ்வாறு உதிர்வது விதியன்று. தொழிலை அறிந்தவர்கள் இதனைத் தடுக்க முடியும்.

வினைலின் பின்புறத்திலுள்ள பசை, கோந்து போல உலர்ந்து இறுகுவதன்று. அழுத்தத்தினால் பரவி, பலகையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வது. அதன் முழுப்பிடிப்பு வருவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். தூசு, கையின் எண்ணெய்ப் பசை, ஈரம் ஆகிய மூன்றும் அதன் எதிரிகள். பலகையை வெட்டும்போது எழும் துகள்கள் நிலைமின்னேற்றத்தால் அதன்மீதே அப்பிக்கொள்கின்றன. அவற்றைத் துடைக்காமல் ஒட்டினால் எழுத்து பலகையில் ஒட்டுவதில்லை, தூசில் ஒட்டுகிறது.

போம் போர்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, நடுவே பொலிஸ்டைரீன் நுரையும் இருபுறமும் கடதாசியும் கொண்டது. மற்றையது, முழுவதும் பீ.வீ.சீ. நுரையால் ஆனது. பின்னையதை ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு ஒட்டலாம். கடதாசிப் பலகைக்கு ஈரம் ஆகாது. உலர்ந்த மென்துணியே போதும். கண்ணாடியில் ஒட்டுவோர் கையாளும் சவர்க்காரநீர் முறையை இதில் கையாண்டால் கடதாசி ஊறி உப்பிவிடும். வினைலிலும் எளிதில் உரித்தெடுக்கத்தக்க பசையுள்ளது, நிரந்தரப் பசையுள்ளது என இரு வகைகள் உண்டு. நான்கு நாள் கண்காட்சிக்கான முதல் வகையை நான்கு வருடப் பலகைக்குப் பயன்படுத்திவிட்டு வெயிலைக் குறைகூறுவதில் பயனில்லை.

எழுத்துகளைத் தாங்கிவரும் மேல்நாடாவை உரிப்பதிலும் பக்குவம் வேண்டும். முதலில் எழுத்துகள் அனைத்தையும், சிறப்பாகப் புள்ளிகளை, தட்டையான வழிப்பானால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பின்னர் நாடாவை மேல்நோக்கி இழுக்காமல், பின்புறமாக மடித்துப் பலகையோடு படியவைத்து மெதுவாக உரிக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் புள்ளி நாடாவோடு போய்விடும்.

இவ்வளவும் உள்ளே மாட்டும் பலகைக்கு. மழைக்கும் வெயிலுக்கும் முகங்கொடுக்கும் இடத்தில் கடதாசிப் பலகையை மாட்டுவது வீண்செலவு. வடக்கு கிழக்கில் மாரிமழையின் ஈரம் கடதாசியை நுரையிலிருந்து பிரித்துவிடும். கோடையிலோ மலிவான வினைல் சூட்டில் சுருங்கி, விளிம்புகளில் பசை வெளித்தெரிய, அதிலே புழுதி படியும். அங்கே அலுமினியத் தகடே தக்கது.

இதை ஒரு பத்திரிகையாளன் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். 1958இல் வாகன இலக்கத் தகடுகளின் சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் போராட்டம் நடந்தபோது, தெற்கிலே பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகள்மீது தார் பூசப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. 1991ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அரச கரும மொழிகள் ஆணைக்குழு உருவானது. இத்தனை இழப்புகளுக்குப் பின் பலகையில் ஏறிய எழுத்து, துடைக்கப்படாத தூசினால் உதிர்கிறது. தார் பூசியவனை எதிர்த்து நிற்கலாம். பசையை எதிர்த்து யார் ஊர்வலம் போவது? இங்கே பகைமையைத் தேடுவது பெரும்பாலும் வீண். பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை என்பதே காரணம். அலட்சியத்துக்கு மருந்து ஆவேசமன்று, கண்காணிப்பு.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை, முன்னோர் படிக்கவில்லையா என்று தமிழறிந்த நண்பர் ஒருவர் வாதிட்டார். மெய்க்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏடெழுதியோர் அதை விட்டது உண்மைதான். ஆனால் ஏட்டைப் படித்தவர் பயிற்சி பெற்ற புலவர். வைத்தியசாலைப் பலகையைப் படிப்பவர் காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கும் தாய். அவருக்குச் சந்தர்ப்பம் நோக்கிப் பொருள்கொள்ள நேரமில்லை.

செலவைக் காரணம் காட்டுவோருக்கும் பதில் உண்டு. துணியால் துடைப்பதற்கும் அழுத்தித் தேய்ப்பதற்கும் பெரும் செலவு ஏற்படுவதில்லை. சிறிய எழுத்துகளைத் தனித்தனியே வெட்டாமல், முழு வாசகத்தையும் ஒரே வினைல் தாளில் அச்சிட்டு, மேலே பாதுகாப்புப் படலம் இட்டு ஒட்டினால் புள்ளி தனித்து விழ வழியே இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. திணைக்களங்கள் விலைமனுக் கோரும்போது பலகையின் அளவையும் எண்ணிக்கையையும் மட்டும் குறிப்பிடாமல், எவ்வகைப் பலகை, எவ்வகைப் பசை, எத்தனை வருட உத்தரவாதம் என்பவற்றையும் எழுத வேண்டும். பலகையை ஏற்று ஒப்பமிடுபவர்களில் ஒருவரேனும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாட்டிய பலகையை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து, உதிர்ந்ததைத் திருத்த வேண்டும்.

இவை அரசுக்கு மட்டும் உரியவை அல்ல. யாழ்ப்பாணத்து நூல்நிலையமானாலும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இயங்கும் தமிழ்ப் பாடசாலையானாலும், நாமே பணம் கொடுத்து நாமே மாட்டிய பலகைகளிலும் புள்ளிகள் உதிர்ந்துதான் கிடக்கின்றன. அங்கெல்லாம் குறைகூற வேறெவரும் இல்லை. பலகையைப் பொறுப்பேற்கும் நாளில் ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தடவிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.