கைவேலைப் பக்கம்: பத்துப் பொம்மைச் சிப்பாய்கள்



இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இம்மாதம் கிடைத்தது. கொழும்பில் அவர் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போகும்போது, அவருடைய மகனுக்கென்று ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கிறது. உள்ளே விரல் நீளம்கூட இல்லாத பத்துப் பிளாஸ்டிக் சிப்பாய்கள். தலை முதல் கால் வரை கவசம், கையில் துவக்கு. இவற்றுக்கு வர்ணம் பூச வேண்டும் என்று பதினான்கு வயது மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

"1983இல் எனக்கு ஆறு வயது. லயத்துக்கு நெருப்பு வைத்த இரவு, அம்மா என்னைத் தேயிலைச் செடிகளுக்குள் படுக்க வைத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். துவக்கோடு நிற்கும் உருவத்தை என் வீட்டில் பார்க்க முடியவில்லை. அடுப்பில் போடட்டுமா?" என்று கேட்கிறார்.

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளைச் சப்ரகமுவத் தோட்டங்களில் மறந்தவர்கள் இல்லை. இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் 2009 வரை அங்கும் யுத்தத்தையே கண்டார்கள். ஆகவே இது சிறிய கேள்வியல்ல.

முதலில், அடுப்பு வேண்டாம். பிளாஸ்டிக் எரியும் புகை உடம்புக்குக் கேடு. அடுத்து, இவை என்னவென்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1987இல் வெளிவந்த 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டின் சிப்பாய்கள் இப்படித்தான் இருக்கும். நெடுங்காலத்துக்குப் பின் வரப்போவதாகக் கற்பனை செய்த ஒரு போர். மேசையில் உருவங்களை வைத்து, அளவு நாடாவால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி விளையாடுவார்கள். வர்ணம் பூசுவதற்காக மட்டும் இவற்றை வாங்குகிறவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இவ்வகை விளையாட்டுக்கு 1913இலேயே விதிகள் எழுதிப் புத்தகம் வெளியிட்டவர் எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். அவரும் அந்தப் புத்தகத்தின் முடிவில் உண்மையான போரை எதிர்த்தே எழுதினார். ஆனாலும் அடுத்த ஆண்டே முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. பொம்மை யுத்தத்தைக் கொண்டுவருவதுமில்லை, தடுப்பதுமில்லை. வீட்டில் அதைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதுதான் முக்கியம்.

வேலை செய்யும் முறை

உருவங்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த கோடுகளைப் பிளேட்டின் முதுகுப் பக்கத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு போத்தல் மூடியில் இலேசாக ஒட்டினால் பிடித்துக்கொள்ள வசதி. கைகளும் துவக்கும் பெரும்பாலும் தனித் துண்டுகளாகவே வரும். துவக்கை ஒட்டாமல் தள்ளி வைக்கலாம். கடைசியில் முடிவு செய்யலாம்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் நல்லது. முதலில் கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் மெல்லிய அடிப்பூச்சு. ஸ்பிரே பாவிப்பதென்றால் வெளியில், மழையில்லாத நேரத்தில் அடியுங்கள். எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு வெளிறிப் படிந்துவிடும்.

பிறகு கவசத்தின் நிறம். வர்ணத்தைப் பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்து, மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் சின்ன வேலைப்பாடெல்லாம் மூடுண்டு போகும். ஒரு சிப்பாயை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். பத்துக்கும் ஒரே நிறத்தைப் பூசி முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும். பத்தும் ஒரே குழுவாகவும் தெரியும்.

அடுத்து, நன்றாக நீர்த்த கருமையான வர்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுங்கள். அது காய்ந்ததும் வெளிர்நிறத்தைத் தூரிகையில் எடுத்து, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் மட்டும் தடவுங்கள். கவசம் உடனே எழுந்து தெரியும். கண்ணும், இடது தோளில் வரும் குழுச் சின்னமும் கடைசி வேலை.

பாதத்துக்கு மண் வேண்டுமே? வடித்த தேயிலைத் தூளை வெயிலில் சுக்காகக் காய வைத்து, பைண்டர் கம் தடவித் தூவுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை

நுனி கூராக வேண்டும் என்று தூரிகையை வாயில் வைக்கவே கூடாது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், 1917 முதல் இளம் பெண்கள் கடிகார முகப்புகளுக்கு இருட்டில் ஒளிரும் ரேடியம் வர்ணம் பூசினார்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கவே அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பலருக்குத் தாடை எலும்பு அழுகியது, இறந்தும் போனார்கள். ஐந்து பெண்கள் 1927இல் வழக்குத் தொடர்ந்து, 1928இல் நட்டஈடு பெற்றார்கள். எங்கள் வர்ணத்தில் ரேடியம் இல்லைதான். ஆனாலும் வர்ணம் வாய்க்குரியதல்ல. பழைய உலோகப் பொம்மைச் சிப்பாய்கள் ஈயத்தால் ஆனவை. அவற்றைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்பது மகனுக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாமல் இருக்கலாம். ஒரு மாலை அவன் அருகில் உட்கார்ந்து, உங்களால் முடிந்த அளவு சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லத் தேவையில்லை. கை வேலையில் இருக்கும்போது பேச்சு இலகுவாக வரும்; முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. துவக்கை ஒட்டுவதா விடுவதா என்பதை அதன்பின் அவனே யோசிக்கட்டும்.

பார்க்கவே முடியவில்லை என்றால் அதுவும் குற்றமல்ல. வேலை முடிந்ததும் பெட்டியில் வைத்து மூடிவிடச் சொல்லுங்கள். அந்த இரவு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தால், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் பேசுங்கள். 1926 என்ற தேசிய மனநல நிறுவனத் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பத்தையும் முடித்தபின் மகன் என்ன நிறம் பூசினான், துவக்குகள் என்னவாயின என்று எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் மற்றச் சகோதரிகளுக்கும் சொல்வோம்.