பூச்சியத்துக்கு மடக்கை இல்லை
உயர்தரம் படிக்கும் அக்கா மகள், எங்கள் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சரியின் பழைய காய்ச்சல் கணக்கை எக்செலில் போட்டு, அடுக்குக்குறி வளைவு பொருத்திக்கொண்டிருந்தாள். நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட அந்த 2017ஆம் வருஷக் கணக்கு. "மாமா, இது கோடு போடமாட்டேங்குது" என்றாள். எட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு நேரே 0. வளைவைப் பொருத்த எண்களின் மடக்கையை எடுத்து நேர்கோடாக்க வேண்டும். பூச்சியத்துக்கு ஏது மடக்கை? சரி, அந்த 0 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மே மாதக் கடைசி வெள்ள வாரம். டவுனிலிருந்து வரும் டிஸ்பென்சர் ஐயாவுக்குப் பாதையில்லை. பேரேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது. லயத்தில் ஒருவருக்கும் காய்ச்சலில்லை என்று அதற்கு அர்த்தமா? வெற்றிடத்தைப் பூச்சியமாக்கியது பிள்ளையின் கைதான். அதை அழித்ததும் வளைவு அழகாக எழும்பியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று பேரில் தொடங்கி வாரந்தோறும் இரட்டித்தால், 24ஆம் வாரம் இலங்கையில் இருக்கும் சனத்தைவிடக் கூடுதலானவர்கள் எங்கள் தோட்டத்தில் மட்டும் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும்! உண்மையான புள்ளிகளோ ஆறாம் வாரத்திலேயே கோட்டைவிட்டுக் கீழே சரியத் தொடங்கியிருந்தன. கடிபட வேண்டியவர்கள் கடிபட்டு முடிந்ததாலா, பீலிகளையும் பீப்பாய்களையும் கவிழ்த்ததாலா? எக்செல் அதைச் சொல்லாது. அவளோ, நானூறு சொச்சம் பேர் செத்த வருஷத்தின் கோட்டுக்கு என்ன நிறம் போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.