கோழிக்குஞ்சுக்கு என்னிடம் மாத்திரை கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் முழுசாப் படிங்க. "எங்க வீட்ல கோழியே இல்ல, பக்கத்து வீட்ல நாட்டு முட்டை வாங்கிக் குழந்தைக்குக் குடுக்கறோம்" என்பவர்கள் கட்டாயம் படிங்க.

நான் படித்தது எம்.பி.பி.எஸ். வேலை அரசு மருத்துவமனையில். மனுஷங்களுக்குப் பார்க்கிற டாக்டர். ஆனால் பாகலூர்ப் பக்கம் ஓ.பி.யில் உட்கார்ந்தால், தன் காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கின கையோட "சார், அப்படியே குஞ்சுக்கும் ஒண்ணு எழுதிடுங்க, தினம் ரெண்டு சாகுது" என்று கேட்கிற ஆள் அடிக்கடி வருவார். தமிழில் கோழிக்குஞ்சு, தெலுங்கில் கோடி பில்லா, கன்னடத்தில் கோளி மரி. எல்லைப் பகுதி என்பதால் மூணு பாஷையிலும் கேட்கிறார்கள். கேள்வி ஒண்ணுதான்.

மாட்டேன் என்றால் கோபம். நேரா மெடிக்கல் ஷாப். அங்கே சீட்டு கேட்பதில்லை. டாக்ஸிசைக்ளின் நாலு, இல்லைன்னா சிப்ரோ நாலு. வீட்டுக்குப் போய் உடைச்சு, தண்ணித் தட்டில் கொட்டிக் கலக்கி வச்சாச்சு. மறுநாளும் சாவு நிக்கலைன்னா மருந்தில் பவர் பத்தலையாம். அடுத்து அசித்ரோமைசின்.

யூடியூபில் இதுக்கு அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் நாள் வெல்லத் தண்ணி, ரெண்டாம் நாளிலிருந்து ஆன்டிபயாடிக். என்ன நோய்க்கு? நோயே இன்னும் வரலையே! "வராம இருக்கத்தான் சார்." திருடன் வரக்கூடாதுன்னு தெருவில் போறவங்களை எல்லாம் தினம் ராத்திரி அடிக்கிற மாதிரி இது. நல்லவன்தான் அடி வாங்குவான், திருடன் உஷாராயிடுவான். குஞ்சின் குடலில் நடப்பது அதுதான்.

சரி, குஞ்சு ஏன் சாகுது?

முதல் வாரச் சாவு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குளிரை. ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. மார்கழி ராத்திரியில் நமக்கே ஸ்வெட்டர் கேட்கும். பொரிந்த குஞ்சுக்கு முதல் வாரம் வேண்டியது ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு. அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க்கோழி இறக்கைக்கு அடியில் இது இலவசமாகக் கிடைக்கும். இன்குபேட்டர் குஞ்சுக்கும் சந்தையில் வாங்கின குஞ்சுக்கும் தாய் ஏது?

"பல்பு கட்டியிருக்கோமே சார்." எந்த பல்பு? 9 வாட் எல்.இ.டி. அது வெளிச்சம் தரும், குஞ்சைக் காப்பாத்தற அளவு சூடு தராது. அதில் கரண்ட் மிச்சமாவதே சூடாக வீணாக்காததால்தான். குஞ்சுக்கு வேண்டியதோ அந்த வீணாப்போற சூடு! பழைய குண்டு பல்பு, 60 வாட்டோ 100 வாட்டோ, தேடிப் பிடிச்சு வாங்குங்க. எரியிற பொருள் எதிலும் உரசாமல் கெட்டியாகக் கட்டுங்க. தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சையே பாருங்க. பல்புக்கு அடியில் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடைஞ்சு நின்னால் குளிர். பல்பை விட்டு ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலா மேய்ஞ்சுட்டு, பரவலா தூங்கினால் சரியான சூடு. டாக்ஸிசைக்ளின் கம்பளி இல்லை. குளிரில் செத்த குஞ்சுக்கு அது என்ன செய்யும்?

அடுத்தது மூணாவது வாரத்துக்கு மேல் வரும் ரத்தக் கழிச்சல். இது காக்சிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி வேலை. ஈர உமியில் பெருகும். தண்ணித் தட்டு சரிஞ்சு நனைஞ்ச உமியை அன்னைக்கே அள்ளிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு ஆம்ப்ரோலியம் மாதிரி தனி மருந்து இருக்கு, கால்நடை மருத்துவர் அளவு சொல்லித் தருவார். அசித்ரோ போட்டால் நிக்காது.

அப்புறம் நம்ம ஊர்ப் பெரிய கொள்ளி, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்பதும் இதேதான். இன்றைய உத்தராகண்ட்டில் இருக்கும் ராணிக்கெட்டில் 1920-களின் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பேர். கழுத்து திருகும், இறக்கை தொங்கும், வெள்ளையும் பச்சையுமாக் கழியும், தெருவையே காலி பண்ணும். இது வைரஸ். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று உங்க சளிக்காகச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுபோச்சு. கோழிக்கும் அதே விதிதான். இதற்கு இருப்பது தடுப்பு மருந்து. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, அப்புறம் எட்டு வாரம் வாக்கில் ஊசி.

இந்த மூணையும் தாண்டிப் பிழைத்த குஞ்சை நாம் கொல்கிற இடம் ஒண்ணு இருக்கு. "வளந்துடுச்சு, இனி பெரிய கோழியோட விட்டுடலாம்" என்று ஒரு மாசக் குஞ்சைத் தூக்கிக் கூட்டுக்குள் போடும் அந்த நாள்.

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே, சின்ன வயசிலிருந்து வீட்டுக்கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1920-களின் தொடக்கத்தில் இதை எழுதினார். புதுசா ஒரு உருப்படி உள்ளே வந்தால் அந்த வரிசை முழுக்கக் கலையும். தாய் கூட்டிக்கொண்டு வரும் குஞ்சை மற்ற கோழி நெருங்கினால் தாய் பறந்து வந்து அடிக்கும். தாயில்லாக் குஞ்சுக்கு யார் இருக்கா? தீனித் தட்டுக்கு வந்தால் கொத்து, தண்ணிக்கு வந்தால் கொத்து. மூலையில் பட்டினி கிடந்து மெலியும். மண்டையில் ரத்தம் தெரிஞ்சால் மொத்தக் கூட்டமும் அந்த இடத்திலேயே கொத்தும். நாலாம் நாள் குஞ்சு செத்துக் கிடக்கும். "ஏதோ நோய் சார்."

பெரிய கோழி பார்க்க ஆரோக்கியமா இருந்தாலும் எச்சத்தில் காக்சிடியா போய்க்கொண்டே இருக்கும். அதுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கு, சமாளிக்கும். சுத்தமான உமியில் வளர்ந்த குஞ்சு அந்த மண்ணில் ஒரே நாளில் இறங்கினால் சமாளிக்காது. முட்டைக்கோழித் தீவனம் இன்னொரு வில்லன். ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம் சேர்த்திருப்பார்கள். அதையே குஞ்சு வாரக்கணக்கில் தின்றால் கிட்னி போகும். சேர்த்த பிறகு கொஞ்ச நாள் எல்லாருக்குமே குஞ்சுத் தீவனம் வைத்து, பெரிய கோழிக்குக் கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள். குஞ்சு அதை அவ்வளவாகத் தொடாது.

எப்படிச் சேர்ப்பது? இதுக்கு என்னைவிட உங்க பாட்டி நல்லாச் சொல்லுவாங்க. பஞ்சாரம் எதுக்கு இருந்தது? பெரிய கோழி மேயும் வாசலிலேயே பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே குஞ்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கும், கேட்கும், கொத்த முடியாது. இன்றைக்கு அதையே கம்பி வலைத் தடுப்பு என்று சொல்லித் தருகிறார்கள். ஒண்ணு ரெண்டு வாரம் அப்படி. குஞ்சு, பெரிய கோழியில் மூணில் ரெண்டு பங்கு அளவுக்காவது வளர்ந்த பிறகு, அதாவது எட்டு வாரத்துக்குக் குறையாமல், இருட்டின பிறகு கூட்டில் கொண்டு வையுங்கள். ஒத்தைக் குஞ்சா விடாதீங்க, நாலைஞ்சா விடுங்க. தீனித் தட்டு, தண்ணித் தட்டு ரெண்டு மூணு இடத்தில் இருக்கட்டும். குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்குச் சின்ன வாசல் வைத்த பெட்டி ஒன்றை மூலையில் போட்டால், துரத்தினால் ஓடி ஒளிய இடம். முதல் ரெண்டு மூணு நாள் சண்டை நடக்கும், நடக்கட்டும். ரத்தம் வந்தால் மட்டும் பிரிங்க. சந்தையில் வாங்கி வந்ததை இதுக்கெல்லாம் முன்னாடி மூணு நாலு வாரம் தனியா, தள்ளி வையுங்க. முதலில் பழைய கோழிக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியில் புதுசுகிட்ட போங்க.

இதில் எந்த இடத்திலாவது கேப்சூல் தேவைப்பட்டதா?

இப்போ என் வேலைக்கு வருகிறேன். குஞ்சையும் பெரிய கோழியையும் ஒண்ணா விட்டாச்சு. குஞ்சு சோர்ந்து நிக்குது. தண்ணித் தட்டில் சிப்ரோ. அந்தத் தட்டில் குஞ்சு மட்டுமா குடிக்குது? முட்டையிடும் கோழியும் குடிக்குது. அடுத்த நாள் அந்த முட்டை யார் தட்டில்? "கடை முட்டையில மருந்து இருக்கும், நாட்டு முட்டைதான் நல்லது" என்று காசு அதிகம் கொடுத்து வாங்கும் வீட்டுக் குழந்தையின் தட்டில். கோழிக்கென்றே தயாரித்த மருந்தில், நிறுத்தி எத்தனை நாள் வரை முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்று போட்டிருக்கும். மனுஷனுக்கான கேப்சூல் அட்டையில் அது இருக்காது. அது முட்டை போடும் ஜீவனுக்காகத் தயாரித்ததே இல்லையே!

அளவு இன்னொரு கூத்து. ஒரு தட்டுத் தண்ணியில் ரெண்டு கேப்சூல். சோர்ந்த குஞ்சு தண்ணியே குடிக்காது, தெம்பான கோழி வயிறு முட்டக் குடிக்கும். கிருமியைக் கொல்லவும் போதாது, விடவும் விடாது. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடும் என்று எச்சரித்துவிட்டார். 

கோழிக்கு அதிகம் கொடுக்கப்படும் என்ரோஃப்ளாக்சசின் உடம்புக்குள் போய் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறும். இதைக் கோழிக்குக் கொடுக்க அமெரிக்கா 2005-இல் தடை போட்டது. மனுஷங்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் கிருமி இந்த மருந்துக்கு அடங்காமல் போனதுதான் காரணம். கோலிஸ்டின் கதை இன்னும் மோசம். ஐ.சி.யூ.வில் வேற எதுவும் கேட்காதபோது நாங்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தோம். அதற்கு எதிர்ப்புத் தரும், ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடிய மரபணுவைச் சீனாவில் பன்றி, கறி, நோயாளி என எல்லாவற்றிலும் கண்டதாக 2015-இல் செய்தி வந்தது. நம் மத்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது.

"பெரிய பண்ணைக்காரனைக் கேக்காம எங்க பத்துக் கோழியைப் பிடிக்கறீங்களே சார்?" நியாயமான கேள்வி. பெரிய தப்பு அங்கேதான். 2014-இல் டெல்லியின் சி.எஸ்.இ. அமைப்பு 70 கோழிக்கறி மாதிரியைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. மனுஷங்களுக்குக் கண்டபடி எழுதித் தள்ளும் என் சக டாக்டர்களையும் நான் விடப்போவதில்லை, அது தனி இழை. ஆனால் பண்ணையைக் கண்காணிக்கச் சட்டம் பேருக்காவது இருக்கு. உங்க கொல்லைக்கு யார் வந்து பார்ப்பாங்க? அங்கே கோழி எச்சத்தில் குழந்தை தவழுது, அதே எச்சம் எருவாக் கீரைப்பாத்திக்குப் போகுது.

கோழிக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோய்களும் உண்டு. இல்லைன்னு சொல்லவில்லை. எந்த நோய், எந்த மருந்து, எத்தனை நாள் என்று சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். நானும் இல்லை, மெடிக்கல் ஷாப் பையனும் இல்லை. கோழி வளர்ப்புக்கென்றே ஒரு முழுக் கல்லூரி நம்ம ஓசூரில், மத்திகிரிப் பக்கம் இருக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோடது. அதை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நின்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

அரசாங்கத்தையும் ஒரு கேள்வி கேட்கணும். நான் அரசு ஊழியன்தான், கேட்கிறேன். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடறீங்க, நல்லது. ஆடியில் பொரிந்த குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை உயிரோடு இருக்குமா? தடுப்பு மருந்துக் குப்பி நூறு டோஸ், இருநூறு டோஸ் என்று வருது. கலக்கினால் சில மணி நேரத்துக்குள் தீர்க்கணும், அதுவரை ஐஸில் இருக்கணும். ஆறு குஞ்சு வைத்திருக்கும் அம்மாவுக்காக எந்தக் கால்நடை மருந்தகம் ஒரு குப்பியை உடைக்கும்? உடைக்க மாட்டாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்போ அந்த அம்மா எங்கே போவாங்க? மெடிக்கல் ஷாப்புக்கு. மாசத்தில் ஒரு நாளை ஊர் ஊருக்குக் குறித்து, பஞ்சாயத்து மைக்கில் சொன்னால் போதும். பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கத் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் குஞ்சுக்குச் சொட்டு மருந்து நாள் குறிப்பது பெரிய விஷயமா?

அதுவரை நீங்களே செய்யலாம். தெருவில் பத்து வீடு பேசிக்கொண்டு, எந்தக் கிழமை குப்பி உடைக்கிறார்கள் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு, குஞ்சுகளை ஒரே காலையில் அட்டைப்பெட்டியில் கொண்டுபோங்க.

சந்தையில் கலர் குஞ்சு வாங்கித் தரும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சால் பொரிப்பகத்துக்கு லாபமில்லை என்பதால், சாயம் முக்கி விற்கப்படுகிற குஞ்சு அது. அதன் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் கொடுக்காதீங்க, முத்தம் கொடுக்க விடாதீங்க. பெரிய பிள்ளைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

மெடிக்கல் ஷாப் நண்பர்களே, நீங்கள் எடுத்துக் கொடுக்கும் அந்த நாலு கேப்சூல் ஷெட்யூல் எச். சீட்டில்லாமல் மனுஷனுக்கே கொடுக்கக் கூடாது.

கமென்ட்டில் மருந்துப் பேர் கேட்காதீங்க, பதில் வராது. குஞ்சுக்கு எத்தனை நாள் வயசு, ராத்திரி எங்கே அடைக்கிறீங்க, என்ன பல்பு, சொட்டு மருந்து போட்டாச்சா, பெரிய கோழியோட எப்போ விட்டீங்க, இந்த அஞ்சையும் எழுதுங்க. கால்நடை மருத்துவர் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.