இணைய விற்பனையும் நம் சங்கங்களும்

உற்பத்தித் துறையில் நம் கூட்டுறவு அங்கத்தினர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். தறியில் அமர்ந்த கையும் ஏர் பிடித்த கையும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்கின்றன. ஆனால் நெய்த துணியும் விளைந்த மணிலாவும் வாங்குவோர் வீடு போய்ச் சேரும் வழியில்தான் நாம் இன்றும் தடுமாறுகிறோம். இக்குறையை நீக்க ஆவன செய்தல் வேண்டும் என்பதை அனைவரும் ஒப்புவர். எப்படிச் செய்வது என்பதில்தான் கருத்து வேற்றுமை.

அண்மையில் தளவானூர் வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் ஒரு பிரேரணை வந்தது. இணையத்தின் மூலம் விற்பனை செய்வதற்காக ஓராண்டுக்கு 60,000 ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று இளைய அங்கத்தினர் சிலர் கேட்டனர். தலைவர் அதை ஒத்திவைத்துவிட்டார். சங்கத்தின் பணத்தைத் தம் வீட்டுப் பணத்தினும் மேலாகக் காத்து வந்த பெரியவர் அவர். அவருடைய ஐயங்கள் நியாயமற்றவை அல்ல. அவற்றுக்கு விடை கூறாமல் அவரைப் பழமை விரும்பி என்று ஒதுக்குவது கூட்டுறவாளருக்கு அழகன்று. பல சங்கங்களிலும் இதே வினாக்கள் எழுகின்றன. ஆதலால் அவற்றை ஈண்டு ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் ஐயம்: “கண்ணுக்குத் தெரியாத கடைக்கு எதற்குப் பணம்?”

இது செலவு என்று கருதுவதால் எழும் கேள்வி. அலமாரியில் முடங்கிக் கிடக்கும் சரக்கும் ஒரு செலவே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு சங்கத்தில் 6 லட்சம் ரூபாய் மதிப்புள்ள துணி ஓராண்டு விற்காமல் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு 10 வட்டி என்றால், அவ்வாண்டில் 60,000 ரூபாய் ஓசையின்றிக் கரைந்து போகிறது. எந்தக் குழுவும் அதற்குத் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. எந்தத் தலைவரும் அதை ஒத்திவைப்பதுமில்லை. துணி முடங்கினால் அடுத்த பாவுக்கு நூல் வாங்கப் பணம் இல்லை. நூல் இல்லையேல் தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளியின் மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறான். போனவன் மீண்டும் தறிக்குழியில் இறங்குவது அரிது. ஆகவே செலவு செய்வதா வேண்டாமா என்பதன்று கேள்வி. எந்தச் செலவு நமக்குப் பலன் தரும் என்பதே கேள்வி.

இரண்டாவது ஐயம்: “நம் சரக்கை விற்கக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறதே?”

இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய அம்மாபெரும் நிறுவனம் தமிழ்நாட்டுக் கைத்தறிக்குச் செய்துள்ள தொண்டு சிறிதன்று. ஆனால் அந்நிறுவனமே தன் விற்பனை நிலையங்களோடு நின்றுவிடாமல், இணையத்தின் வழியாகவும் துணி விற்று வருகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பட்டுச் சேலையுடன் அதை நெய்தவரின் பெயரும் படமும் அச்சிட்ட அட்டையை வைத்து விற்கும் முறையையும் அது மேற்கொண்டது. வாங்குபவர் சேலையை மட்டுமன்று, அதன் பின்னால் உள்ள கையையும் அறிய விரும்புகிறார் என்பதே இதன் பொருள். தாய்ச் சங்கம் காட்டிய வழியில் கிளைச் சங்கம் நடப்பது முறைமீறல் ஆகாது. கோ-ஆப்டெக்ஸ் கொள்முதலுக்கு உரியதை ஒழுங்காக அனுப்பிவிட்டு, எஞ்சியதை நாமே விற்க முயல்வதில் குற்றமில்லை.

மூன்றாவது ஐயம்: “துணியைத் தொட்டுப் பாராமல் யார் வாங்குவர்?”

இது வலிமையான கேள்வி. தொட்டுப் பார்க்க இயலாதவருக்கு நாம் தரக்கூடியது உண்மையான விவரம் ஒன்றே. நூலின் தரம், நீளம், அகலம், எடை, சாயம் போகுமா போகாதா, துவைக்கும் முறை ஆகிய அனைத்தையும் ஒளிவின்றி எழுத வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம் வேண்டும். நிறத்தை மிகைப்படுத்திக் காட்டுதல் கூடாது. பிடிக்காவிடில் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்போர் மலிந்த காலம் இது. 2006-ஆம் ஆண்டில் அறிமுகமான கைத்தறி முத்திரை இம்மோசடியிலிருந்து வாங்குவோரைக் காக்கவே ஏற்பட்டது. அம்முத்திரையும் சங்கத்தின் பெயரும் சேரும்போது, தொடாமலே நம்பிக்கை பிறக்கும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வருகின்றன. அங்கே விலை கூறுபவர் வியாபாரி. அதே மணிலாவில் ஒரு பகுதியைச் செக்கில் ஆட்டி, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுடன், நிகர எடையும் தயாரித்த தேதியும் அச்சிட்ட புட்டியில் அடைத்து விற்றால், விலை கூறுபவர் நாமாகிறோம். விளைச்சல் முழுவதையும் இவ்வாறு விற்க இயலாது என்பது உண்மையே. பத்தில் ஒரு பங்கு விற்றாலும், மற்ற ஒன்பது பங்குக்கு விலை பேசும் துணிவு நமக்கு வரும்.

நான்காவது ஐயம்: “பணம் கை மாறிப் போகுமோ?”

சங்கப் பணத்தைப் பற்றிய இவ்வச்சம் போற்றத்தக்கது. 2016 முதல் வழக்கத்துக்கு வந்துள்ள யு.பி.ஐ. முறையில் வாங்குவோர் செலுத்தும் பணம் நேரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. அக்கணக்கு சங்கத்தின் கணக்காக இருக்க வேண்டும். தலைவருடையதாகவோ செயலாளருடையதாகவோ, புகைப்படம் எடுக்கும் இளைஞருடையதாகவோ ஒரு நாளும் இருத்தல் கூடாது. ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது, ஒவ்வொரு பார்சலுக்கும் அஞ்சல் எண், மாதம் ஒருமுறை குழுவின் முன் கணக்கு என்று விதி செய்துகொண்டால், ரொக்கப் பெட்டியைவிட இதைத் தணிக்கை செய்வது எளிது.

இனி அந்த 60,000 ரூபாயின் விவரத்தைக் காண்போம். பழகிய ஒருவரைக் கொண்டு புகைப்படம் எடுக்க 10,000. அட்டைப்பெட்டி, அச்சுச் சீட்டு முதலியவற்றுக்கு 8,000. பண்டிகைக் காலத்தில் 60 நாளுக்கு, நாள் ஒன்றுக்கு 200 வீதம் விளம்பரத்துக்கு 12,000. கடிதங்களுக்கு விடை எழுதிப் பார்சல் அனுப்பும் அங்கத்தினர் வீட்டு இளைஞர் அல்லது யுவதி ஒருவருக்கு மாதம் 2,500 வீதம் 30,000. ஆக 60,000. அஞ்சற்கட்டணமும் தரகும் போக ஒரு சேலைக்கு 200 ரூபாய் நிற்குமாயின், ஆண்டில் 300 சேலை விற்றால் முதல் திரும்பிவிடும். நாள் ஒன்றுக்கு ஒரு சேலைகூட இல்லை!

தொகை சிறிது என்று இகழ வேண்டுவதில்லை. 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 14 அங்கத்தினருடனும் 310 ரூபாய் மூலதனத்துடனுமே தொடங்கியது. குஜராத்தில் 1946-இல் பால் உற்பத்தியாளர்கள் தொடங்கிய சங்கத்தின் வெண்ணெய், ‘அமுல்’ என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. 1966-ஆம் ஆண்டிலிருந்து புள்ளிச் சட்டை அணிந்த சிறுமியின் படத்தை அவர்கள் விளம்பரமாக வைத்து வருகின்றனர். மாடு வளர்க்கும் ஏழைக் குடியானவர்களின் சங்கம், விளம்பரம் வீண் என்று எண்ணியிருந்தால், அவர்கள் பெயரை நாம் அறிந்திருப்போமா?

பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆவல் நம் ஊருக்குப் புதிதன்று. தளவானூர்க் குன்றில் ஏழாம் நூற்றாண்டில் குடைவரைக் கோயில் அமைத்த மகேந்திர பல்லவன், அதற்குத் தன் சிறப்புப் பெயரால் சத்துருமல்லேசுவரம் என்று பெயரிட்டுக் கல்லில் பொறித்து வைத்தான். அதனாலன்றோ இன்றும் அது யாருடைய பணி என்று ஐயமின்றிக் கூறுகிறோம்! 2025-ஆம் ஆண்டு ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் இராணுவக் கோட்டைகள் என்று சேர்க்கப்பெற்ற பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. உலகின் எந்த மூலையிலிருந்தும் செஞ்சியின் பெயரைக் கைப்பேசியில் தேடுவோருக்குக் கோட்டையின் படம் கிடைக்கிறது. அதன் அருகே இவ்வட்டாரத்துத் துணியும் எண்ணெயும் காணக் கிடைக்க வேண்டாமா?

இளைய அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். தலைவரிடம் புரியாத சொற்களை அடுக்காதீர்கள். முதலில் செலவின்றி, வாட்ஸாப் வழியாகவே இருபது சேலைகளை விற்றுக் காட்டுங்கள். அக்கணக்கை ஒரே தாளில் எழுதிக் குழுவின் முன் வையுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 300 சேலை விற்காவிடில் திட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். முடிவு தேதி உள்ள பரீட்சைக்கு இணங்குவது எந்தத் தலைவருக்கும் எளிது. முடிவில்லாச் செலவுக்கு இணங்குவது எவருக்கும் கடினம்.

தலைவர் பெருமக்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். பணத்தைக் காப்பது உங்கள் கடமை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் சங்கத்தின் செல்வம் இரும்புப் பெட்டியில் மட்டும் இல்லை. ஓடும் தறியிலும், ஊரை விட்டுப் போகாத இளைஞனிடத்திலும் இருக்கிறது. அச்செல்வத்தையும் காப்பதற்காக, வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் ஓராண்டுப் பரீட்சைக்கு இடம் தாருங்கள். கணக்கைக் கண்டிப்புடன் கேளுங்கள். கேட்பதற்கு முன்பே கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.