சாய்க்கும் பிடி யார் கையில்?



வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. அவருடைய தம்பி தென்னையிலிருந்து விழுந்து, கழுத்தின் அடியில் முள்ளந்தண்டு வடம் அடிபட்டவர். கால்கள் அசையா. விரல்களில் பிடி குறைவு. ஆனாலும் தோளிலும் மணிக்கட்டிலும் மிஞ்சியிருக்கிற பலத்தை வைத்து, சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக் கோயிலடிக்கும் கடைக்கும் போய் வருகிறார். இருப்பில் வந்த புண் ஒன்று ஆறப் பல மாதங்கள் எடுத்ததாம். அதனால் கிளினிக்கில் ‘ரில்ட் இன் ஸ்பேஸ்’ கதிரை எடுக்கும்படி துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் கவலையை அவர் எழுதியபடியே தருகிறேன்: “அது சரியான பாரமாம். எங்கட தம்பி தானா உருட்டித் திரியிறவன். அதுல இருத்தினாப் பிறகு ஒவ்வொண்டுக்கும் ஆள் வேணுமெண்டு ஆகிருமோ?”

இதைவிட நல்ல கேள்வி இந்த மாதம் எனக்கு வரவில்லை. போர், மரம், மோட்டார் சைக்கிள் என்று ஏதோ ஒன்றால் முள்ளந்தண்டு அடிபட்டவர் இல்லாத ஊரை எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆகவே இது ஒரு வீட்டுக் கவலை மட்டுமல்ல. துண்டு எழுதுவது சிகிச்சையாளரின் வேலை. அவர் எழுதுவதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும், எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பது நம் வேலை.

நாற்காலி சாய்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முதுகுப் பக்கம் மட்டும் பின்னால் போகும், இருக்கை அசையாது. அப்படிச் சாய்க்கும்போது உடம்பு முன்னால் வழுக்கும். தோல் ஒரு பக்கம் இழுபட, உள்ளே எலும்பு வேறு பக்கம் நகரும். புண் வருவதற்கு அது போதும். துண்டில் எழுதியிருப்பது மற்ற வகை. அதில் இருக்கையும் முதுகும் ஒன்றுக்கொன்று கோணம் மாறாமல் சேர்ந்தே சாயும், முழங்கால் உயரும், இருப்பெலும்பின் மேலிருந்த பாரத்தில் ஒரு பங்கு முதுகுக்குப் போகும். கழுத்துச் சோர்ந்து, உடம்பு ஒரு பக்கம் சரிகிறவருக்கும், எழுந்து இருந்தவுடன் இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றுகிறவருக்கும் இது பெரிய ஆறுதல்.

ஆனால் கொஞ்சம் சாய்த்தால் போதாது. 15 பாகை சாய்வில் இருப்பெலும்பின் பாரம் அதிகம் குறைவதில்லை. 30 பாகையைத் தாண்டினால்தான் தோலுக்கு நிம்மதி. நல்ல நாற்காலிகள் 45 பாகை வரை, சில 55 வரை சாயும். அந்த நிலையில் இரண்டு நிமிடமாவது இருந்தால்தான் நசுங்கிக் கிடந்த இடத்துக்கு இரத்தம் திரும்பும். அரை மணிக்கொரு தடவை இதைச் செய்வது நல்லது.

அக்காவின் பயம் சரியான இடத்தைத் தொடுவது இங்கேதான். கையால் உருட்டும் நாற்காலிகளில் சாய்க்கும் பிடி பெரும்பாலும் பின்னால், தள்ளுகிறவரின் கைப்பிடியில்தான் இருக்கிறது. சைக்கிள் பிறேக் போன்ற அந்தப் பிடியை அழுத்திக்கொண்டுதான் ஆசனத்தை இறக்க வேண்டும். இருப்பவரின் கை அங்கே போகாது. அக்கா வயலுக்குப் போய்விட்டார், அம்மா அடுப்படியில் நிற்கிறார் என்றால் தம்பி சாய முடியாது. சாய்த்துவிட்டவர் அந்தப் பக்கம் போய்விட்டால் நிமிரவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 20ஆம் உறுப்புரை, ஒருவர் தான் விரும்பும் விதத்தில், தான் விரும்பும் நேரத்தில், தாங்கக்கூடிய செலவில் நடமாட வழிசெய்யச் சொல்கிறது. எனக்கு அதில் ‘விரும்பும் நேரத்தில்’ என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. முதுகுக்குப் பின்னால் பூட்டியிருக்கும் பிடி அந்த நேரத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறது.

எனவே முதல் கேள்வி: இந்தக் கதிரையை அவரே சாய்த்து அவரே நிமிர முடியுமா? முடியாதென்றால், பகலில் யார் பக்கத்தில் இருப்பார்? இதற்குப் பதில் இல்லாமல் துண்டோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

இரண்டாவது கேள்வி சில்லைப் பற்றியது. தானே உருட்டுகிறவருக்குப் பின்சில்லு பெரியதாக, பெரும்பாலும் 24 அங்குலமாக இருக்க வேண்டும். சாயும் கதிரைகள் பல 12, 16 அங்குலச் சின்னச் சில்லோடு வருகின்றன. அவை பிறர் தள்ளுவதற்கென்றே செய்தவை. அதில் ஏறி இருந்த அன்றே கைக்கு வேலை இல்லாமல் போகும். பெரிய சில்லு இருந்தாலும் கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்து இருந்து கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி பின்சில்லின் அச்சுக்குக் கிட்ட வர வேண்டும். தள்ளும் வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கையின் கோணம் 100 முதல் 120 பாகை வரை இருக்க வேண்டும். சாயும் பொறிமுறை இருக்கைக்குக் கீழே இடம் பிடிப்பதால் ஆசனம் உயரும். அதற்கு மேல் தடித்த மெத்தை போட்டால் இன்னும் உயரும். கடைசியில் வளையம் கைக்கு எட்டாத பள்ளத்தில் கிடக்கும்.

கதிரைச் சட்டத்தின் நீளமும் உருட்டுகிறவருக்குப் பெரிய விஷயம். ஆசனம் பின்னால் சாயும்போது கதிரை கவிழாமல் இருக்கப் பின்சில்லைத் தோளுக்கு வெகு பின்னால் தள்ளிப் பூட்டுவார்கள். சாய்ந்திருக்கும்போது அது பாதுகாப்புத்தான். நிமிர்ந்து உருட்டும்போதோ ஒவ்வொரு தள்ளுக்கும் கையைப் பின்னால் முறுக்க வேண்டியிருக்கும். தோள் மூட்டு சில வருடங்களில் தேய்ந்துபோகக்கூடும். கால் போனவருக்குத் தோளும் போனால் என்ன மிஞ்சும்? இதற்கு மாற்றாக, உடம்பின் பாரமையத்தைச் சுற்றியே ஆசனம் சுழலும்படி செய்த கதிரைகள் இருக்கின்றன. சன்ரைஸ் மெடிக்கலின் குவிக்கி ஐரிஸ், கீ மொபிலிட்டியின் ஃபோகஸ் அந்த வகை. சாய்ந்தாலும் பாரம் அதே இடத்தில் நிற்பதால் சட்டம் கட்டையாக இருக்கலாம். சில்லும் தோளுக்குக் கிட்ட வரலாம். விலையும் அதற்கேற்றபடிதான். எடையையும் மறக்க வேண்டாம். உருட்டுவதற்கென்றே செய்த நல்ல இலகு நாற்காலி 10 கிலோவுக்கு உள்ளேயே வரும். சாயும் கதிரை 15 கிலோவில் தொடங்கி 30ஐயும் தாண்டும். விரல் பிடி இல்லாத ஒரு கைக்கு அந்த வித்தியாசம் கிறவல் றோட்டில் முதல் ஏற்றத்திலேயே தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சாயும் கதிரையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். புண் உயிரை எடுக்கும். ஆனால் புண்ணைத் தடுக்க அது ஒன்றுதான் வழியென்றும் இல்லை. முன்னால் குனிந்து நெஞ்சைத் தொடையில் சாய்த்து இரண்டு நிமிடம் இருப்பது, மேசையில் முழங்கை ஊன்றி ஒரு பக்கமாகச் சரிவது, மத்தியானம் பாயில் குப்புறப் படுப்பது இவையெல்லாம் காசில்லாத வைத்தியம். கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதைப் பலருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சில விநாடிக்கு மேல் அப்படி நிற்க முடியாது, தோளுக்கும் கேடு. இருக்கையின் பின்பக்கத்தை 4, 5 சென்ரிமீற்றர் தாழ்த்திப் பூட்டினாலே உடம்பு சரியாமல் இருக்கும், உருட்டவும் இலகு. கட்டிலுக்கு மாறுவது மட்டும் சற்றுக் கடினமாகும். இரண்டு நாற்காலிக்கு வழியிருக்கும் வீட்டில், வெளியே போக இலகுவானதும் வீட்டில் ஓய்வுக்குச் சாய்வதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மெத்தையைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியில் எளிய முறை ஒன்று இருக்கிறது. அவர் நாற்காலியில் இருக்கும்போது உங்கள் கையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி மெத்தைக்கும் இருப்புக்கும் நடுவில் நுழைத்து, இருப்பெலும்பு விரல் நுனியில் வந்து நிற்கும்வரை தேடுங்கள். விரலை 5 மில்லிமீற்றராவது மேலும் கீழும் ஆட்ட முடிந்தால் பயமில்லை. ஆட்ட முடியாமல், இழுத்தால் மட்டும் இலகுவாக வெளியே வந்தால் எச்சரிக்கை. விரல் நசுங்கி, இழுக்கவே கஷ்டப்பட்டால் அந்த மெத்தையில் அவர் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பாருங்கள். விலை கூடிய கதிரையில் தோற்றுப்போகிற மெத்தையும் உண்டு, பழைய கதிரையில் தேறுகிற மெத்தையும் உண்டு.

புண் எந்த இடத்தில் வந்தது என்பதையும் சிகிச்சையாளரிடம் சரியாகக் காட்டுங்கள். இருப்பெலும்பில் வந்ததென்றால் சாய்வு உதவும். நாரிக்குக் கீழே, வால்பக்க எலும்பில் வந்ததென்றால் சாய்வு பாரத்தை அதே இடத்துக்குக் கொண்டுபோகக்கூடும்.

இன்னுமொன்று, இது அவசரத்துக்குரியது. ஆறாவது மார்பு முள்ளென்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடும் தலையிடி வந்து, முகம் சிவந்து வியர்த்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று எண்ணுங்கள். சலக்குழாய் அடைத்தாலும் மலம் இறுகினாலும் இது வரும். அந்த நேரத்தில் கதிரையைச் சாய்க்கவே கூடாது. நேராக நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். தலை சுற்றலுக்குச் சாய்ப்பது, இதற்கு நிமிர்த்துவது. வீட்டில் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்காலி அவரவர் வேலைக்குப் பொருந்த வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) மேரி வர்கீஸ் என்று ஒரு டொக்டர் இருந்தார். 1954இல் வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதன் பிறகு அவர் செய்தது சத்திர சிகிச்சை! சக்கர நாற்காலியில் இருந்தபடியே, டொக்டர் போல் பிராண்டின் குழுவில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் திருத்தினார். பின்னர் அங்கே புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்று நடத்தினார்; முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கான புனர்வாழ்வு நிலையம் 1966இல் அங்கே திறக்கப்பட்டது. அவருக்குத் தேவைப்பட்ட நாற்காலி, அவர் கைகளைச் சத்திர சிகிச்சை மேசையடிக்குக் கொண்டு சேர்க்கிற நாற்காலி. நம் தம்பிக்குத் தேவைப்படுவதும் அவருடைய ஒரு நாளைப் பார்த்தே தெரிய வேண்டும். காலையில் எங்கே போகிறார்? எந்த மேசைக்குக் கீழே முழங்கால் நுழைய வேண்டும்? ஓட்டோவில் ஏற்ற வேண்டுமா? கிளினிக்கில் இதை யாரும் கேட்காவிட்டால் தம்பியே சொல்லட்டும். பக்கத்தில் நிற்கிற நாம் அவருக்கு முன்னால் பதில் சொல்லிவிடாமல் இருப்போம்.

கிளினிக்கின் வழுவழுப்பான நிலத்தில் எந்தக் கதிரையும் ஓடும். வெல்லாவெளியில் வீட்டுக் கடப்பில் மணல் கிடக்கும், உள்வீதியில் கிறவல் கிடக்கும். மாரியில் மண்டூர் றோட்டுக்கு மேலால் தண்ணீர் பாயும். முன்னாலுள்ள சின்னச் சில்லு 5 அங்குலமாக, கட்டிறப்பராக இருந்தால் மணலில் புதையும். அகலமான 8 அங்குலச் சில்லு நல்லது. வாங்கும் முன் இரண்டு மூன்று நாளாவது வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கிணற்றடிக்கு, மலசலகூட வாசலுக்கு, வீதிக்கு. களுவாஞ்சிக்குடிக்கோ மட்டக்களப்புக்கோ போக வேண்டுமென்றால் பட்டிருப்புப் பாலம் தாண்ட வேண்டிய, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை வீட்டுக்கு, ஒரு ஆணி கழன்றாலும் ஒரு நாள் போய்விடும். சாய்க்கும் கேபிளையும் பெயாரிங்கையும் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரால் மாற்ற முடியுமா என்று அவரிடமே காட்டிக் கேட்பது மிக நல்லது. தேவைக்கும் சூழலுக்கும் பொருந்த வேண்டும், உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும், உள்ளூரில் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி எழுதிவிட்டது. 2023இல் வந்த புதிய வழிகாட்டியும் தெரிவு, பொருத்துதல், பயிற்சி, பின்தொடர்தல் என்று நான்கையும் சேர்த்தே கேட்கிறது. உலகில் சக்கர நாற்காலி தேவைப்படுவோர் ஏறக்குறைய 8 கோடிப் பேர் என்கிறது அந்நிறுவனம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் சிகிச்சையாளர் ஒருவர் அளந்து, தேவையை மதிப்பிட்டு எழுதினால்தான் அரசின் உதவிச் சாதனத் திட்டம் கதிரைக்கான செலவில் 75 வீதத்தைக் கொடுக்கும். ஊருக்கு அனுப்பும்போதும் அதே முறையைப் பிடியுங்கள். இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, முதுகின் உயரம். இந்த நான்கு அளவும் கேட்காமல் கப்பலில் ஏற்ற வேண்டாம். பெட்டியில் இடமிருந்தால் இரண்டு ரியூப், ஒரு சோடி முன்சில்லு, சாய்க்கும் கேபிள் ஒன்றும் போடுங்கள்.

அக்காவுக்குத் தனியாகவும் பதில் எழுதியிருக்கிறேன். அடுத்த இதழுக்கு, படுவான்கரையில் சக்கர நாற்காலியைத் தாங்களே உருட்டுகிறவர்கள் எழுதுங்கள். எந்தக் கதிரை, எத்தனை மாதத்தில் எது பழுதானது, யார் திருத்தித் தந்தார், சாயும் கதிரையைப் பாவித்துப் பார்த்தவர் என்றால் பிடி எங்கே இருந்தது. எழுத முடியாதவர்கள் சொல்ல, வீட்டில் யாராவது எழுதி அனுப்பினாலும் போதும். வந்ததையெல்லாம் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்