பரணில் தூங்கும் சைக்கிளுக்கு மறுபிறவி... பெயின்ட் அடிப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது என்ன?

திருச்சி கே.கே. நகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் விடுமுறை நாள் காலையில் ஒரு சுற்று நடந்துபோனால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் சைக்கிள் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணம், கிழிந்த பனியன் துணி, ஸ்பேனர் செட். செயினைக் கழற்றி ஊறப்போட்டிருக்கும் பையனிடம், "எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டியே, திரும்ப மாட்டத் தெரியுமாடா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

கடைக்குப் போனால் கியர் சைக்கிள் பளபளவென்று நிற்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பெட்டியில் வீட்டுக்கே வருகிறது. இருந்தும், தாத்தா ஓட்டிய பழைய சைக்கிளையோ, பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளையோ எடுத்துப் பிரித்து, ஹேண்டில் மாற்றி, சக்கரம் மாற்றி, 'இது என் வண்டி' என்று தெருவில் ஓட்டிக்காட்டும் ஆசை குறையவில்லை. இது ஏதோ வெளிநாட்டு வீடியோ பார்த்து வந்த ஆசை என்று நினைத்தால், அப்பா, தாத்தாவிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

குஞ்சம் கட்டிய காலம்

1949-ல் சென்னை அம்பத்தூரில், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அங்கிருந்து வந்த ஹெர்குலிஸும், பிறகு பி.எஸ்.ஏ-வும் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட குடும்ப உறுப்பினர்கள். திருச்சியில் கேட்கவே வேண்டாம். பொன்மலை ரயில்வே பணிமனையின் சங்கு ஊதும் நேரத்துக்குச் சாரிசாரியாகப் போன சைக்கிள்களைப் பற்றிப் பேசாத பழைய ரயில்வே குடும்பம் இருக்காது.

எல்லாமே கறுப்பு, எல்லாமே ஒரே உயரம். அப்படியிருக்க, ஸ்டாண்டில் நிற்கும் நூறு வண்டிகளில் நம் வண்டி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் கைவேலை ஆரம்பித்தது. ஹேண்டில் நுனியில் பிளாஸ்டிக் குஞ்சம், ஸ்போக்ஸ் கம்பிகளில் கலர் மணி, ஹப்பைச் சுற்றித் தூசி துடைக்க ஒரு நூல் வளையம், டைனமோ விளக்குக்கு மஞ்சள் துணி, சீட்டுக்கு வெல்வெட் உறை, மட்கார்டில் பெயர். ஆயுத பூஜை அன்று கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டிலில் மாவிலை கட்டி நிறுத்தினால் அதுதான் அந்தக் காலத்து சைக்கிள் ஷோ!

இதெல்லாம் அலங்காரம். ஆனால், தேவைக்காக சைக்கிளை மாற்றியவர்களின் கதை இன்னும் பெரியது. அதில் ஒன்று, திருச்சிக்குப் பக்கத்திலேயே நடந்தது.

புதுக்கோட்டை பெண்கள் கேட்ட சைக்கிள்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். 1992 பெண்கள் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் பேரணி போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது.

அந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் வரும். அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். பழகியபின் பலருக்கு அதுவே பிடித்துவிட்டது. காரணம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இருக்கும் அந்த 'பார்' கம்பி. அதில் பிள்ளையை உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம்! பெண்களுக்கு எது வசதி என்று கம்பெனி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. பின்னால் குடம், முன்னால் குழந்தை என்று வாழ்ந்த பெண்களின் கணக்கு வேறாக இருந்தது. ஒரு சைக்கிள் யாருக்கானது என்பதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் பாடிய டைனமோ

கடல் தாண்டி இன்னொரு காட்சி. இலங்கையில் 1990-ல் மீண்டும் போர் மூண்டபின், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. பெட்ரோல், பேட்டரி போன்ற பொருள்களுக்குப் பொருளாதாரத் தடை. குடாநாடே சைக்கிளில் நகர்ந்தது. விறகு, நோயாளி, பள்ளிப் பிள்ளைகள், கல்யாணச் சாமான் எல்லாம் சைக்கிள் கேரியரில்தான்.

வீட்டில் ரேடியோ இருக்கிறது, பேட்டரி இல்லை. என்ன செய்தார்கள்? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவின் கம்பியை ரேடியோவோடு இணைத்தார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் செய்தி கேட்டார்கள். உறவினர் இருக்கும் ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, யாராவது ஒருவர் வியர்வை சிந்தி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த டைனமோ, ராத்திரி வழியில் விளக்கு எரிவதற்காகத் தயாரிக்கப்பட்டது. அதை வெளியுலகின் குரலாக மாற்றியது தேவை.

மலையிறங்கிய பழைய வண்டிகள்

இன்று 'மவுன்டன் பைக்' என்று கடையில் விற்கிறார்களே, அதுவும் இப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள் 1930, 40-களில் வந்த தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கினார்கள். தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, மோட்டார் பைக் பிரேக் லீவரையும் வேறு வண்டிகளின் கியரையும் மாட்டி, மண் பாதையில் மலையிறங்கினார்கள். 1976 அக்டோபரில் தொடங்கிய அவர்களின் பந்தயத்துக்குப் பெயர் 'ரீபேக்'. ஒரு முறை இறங்கினாலே பின் ஹப்பில் இருந்த பிரேக் சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பெயர். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-ல் இதற்கென்றே புதிதாக ஒரு ஃப்ரேமைக் கட்டினார். பிறகு வந்தது பெரிய தொழில்.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ கதை இன்னும் சுவாரஸ்யம். ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டுவது சைக்கிள் உலகின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. அதற்காகத் தன் கையாலேயே ஒரு சைக்கிள் கட்டினார் ஓப்ரீ. இரண்டு பெடல்களுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருக்க வேண்டும் என்று, பழைய வாஷிங் மெஷினில் இருந்து பேரிங்கை எடுத்து மாட்டினார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹமார் நகரில், அதே வடிவத்தில் அவருக்காகப் புதிதாகச் செய்த வண்டியில் முதல் முயற்சி. தோல்வி. மறுநாள் காலை, தன் கையால் கட்டிய பழைய வண்டியை எடுத்தார். 51.596 கிலோமீட்டர், உலக சாதனை! ஆறே நாளில் இன்னொருவர் அதை முறியடித்தார் என்பது வேறு கதை. ஆனால், தன் உடம்புக்குப் பொருந்திய வண்டி எது என்று ஓப்ரீக்குத் தெரிந்திருந்தது.

சரி, நம் வீட்டு வண்டிக்கு வருவோம்

கொதிகலன் தயாரிக்கும் பெல் ஆலையும், அதைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும், வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிற ஊர் திருச்சி. இரும்பு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய சைக்கிளை மீட்டெடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

முதலில் ஃப்ரேம். துணியால் துடைத்துவிட்டு, ஹேண்டில் சேரும் இடம், பெடல் அச்சு இருக்கும் இடம், ஃபோர்க்கின் மேல்பகுதி மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் தெரிந்தால் பெயின்ட் செலவே வேண்டாம். பழைய வண்டி இரும்பா, அலுமினியமா என்று தெரியவில்லையா? ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. இரும்பு ஃப்ரேமைத் தேர்ந்த வெல்டரால் சரிசெய்ய முடியும். அலுமினியம் அப்படியல்ல. சைக்கிளுக்குப் பயன்படும் பல அலுமினியக் கலவைகள் வெப்பப் பதப்படுத்தலால்தான் வலிமை பெறுகின்றன. தெருமுனைப் பட்டறையில் சூடுகாட்டி ஒட்டினால், ஒட்டிய இடத்தைச் சுற்றி அந்த வலிமை போய்விடும். ஃபோர்க் எதுவாக இருந்தாலும் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். ஓட்டத்தில் அது உடைந்தால் சமாளிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது.

சக்கரம் மாற்றும் ஆசை. பழைய பெரிய சைக்கிளில் இருப்பது 28 அங்குலம், ஒன்றரை அங்குல டயர். அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போதைய 700சி ரிம்முக்கு அது 622 மில்லிமீட்டர். டயர் மாறிப் பொருந்தாது. பழைய வண்டியில் முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் இருப்பது வழக்கம். ஹப்பையும் ரிம்மையும் ஓட்டை எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கம்பி பிரேக் உள்ள பழைய வண்டியில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். கேபிள் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும். அதனால், பிரேக்கை மாற்றினால் ரிம்மையும் மாற்ற வேண்டிவரும்.

பல் கணக்கு. முன் சக்கரப் பல் 44, பின் ஃப்ரீவீல் 18 என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் 28 அங்குல வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். ஃப்ரீவீலை 20 பல்லாக மாற்றினால் சுமார் 4.9 மீட்டர். தூரம் குறையும், ஆனால் மிதிப்பது இலகு. ஆடிக்காற்றில் காவிரிப் பாலத்தில் எதிர்காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். கியர் செட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் இதற்கு. செயினையும் அளந்துவிடுங்கள். சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டிய 24 கண்ணிகள், எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக வேண்டும். தாழ்வாக இருந்தால் முழங்கால்தான் வட்டி கட்டும். ஒரு காலத்தில் பெரிய சைக்கிளில் கால் எட்டாமல் பாருக்கு அடியில் காலை விட்டு 'குரங்குப் பெடல்' போட்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது வேறு வழியில்லாத காலம். இன்று பிள்ளைக்கு 'வளர்ந்தபிறகும் ஓட்டலாம்' என்று பெரிய சைக்கிள் வாங்கிக் கொடுப்பது அதே தப்பைக் காசு கொடுத்துச் செய்வது.

மோட்டார் மாட்டினால்? பழைய வண்டியில் பேட்டரி கிட் மாட்டும் வழக்கம் பரவிவருகிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்ற வரம்பைத் தாண்டினால் அது சட்டப்படி சைக்கிள் அல்ல, மோட்டார் வாகனம். பதிவும் லைசென்ஸும் கேட்பார்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், மனிதன் மிதிக்கும் வேகத்துக்காகச் செய்த பிரேக்கும் ஃபோர்க்கும் அந்த வேகத்தைத் தாங்குமா என்பதுதான் முக்கியமான கேள்வி.

கழற்றக் கூடாதது எது?

ஸ்டைலுக்காக முதலில் கழற்றப்படுவது மட்கார்டு. பிறகு ஸ்டாண்டு, பெல், ரிஃப்ளெக்டர். கடைசியில் பிரேக். கம்பியே தெரியாத வண்டி போட்டோவில் அழகாக இருக்கும் என்பது உண்மைதான். வெளிநாட்டு மைதானங்களில் பிரேக் இல்லாமல் ஓட்டுகிறார்களே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த மைதானத்தில் எதிரே மினி பஸ் வராது, நாய் குறுக்கே ஓடாது, எல்லோரும் ஒரே திசையில்தான் ஓட்டுவார்கள். விமான நிலையத்துக்குப் போகும் வண்டிகளும் டவுன் பஸ்ஸும் ஓடுகிற நம் சாலை அப்படியா?

பிரேக் பிடிக்கும்போது உடல் எடை முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். 'பின் பிரேக் ஒன்று இருக்கிறதே' என்ற சமாதானம் மழை நாளில் உதவாது. மரின் இளைஞர்களைக் கவனித்தீர்களா? எல்லாவற்றையும் கழற்றி எறிந்தவர்கள், பிரேக்கை மட்டும் இன்னும் பலமாக மாற்றினார்கள்.

பிள்ளை சைக்கிளைப் பிரித்துப் போட்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய நட்டுகளை வரிசையாக ஒரு தட்டில் போடச் சொல்லிக்கொடுங்கள். ஓவராயில் எப்படிச் செய்வது, வீல் கோட்டம் எப்படி எடுப்பது என்று தெரிந்த சைக்கிள் கடைக்காரர் உங்கள் பகுதியில் இன்னும் ஒருவராவது இருப்பார். பஞ்சர் ஒட்ட மட்டும் அவரைத் தேடாமல், ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போய் அவர் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்போக்ஸை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் கை அது. அந்தக் கை ஓய்வெடுப்பதற்குள் வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெயின்ட் எந்தக் கலரில் வேண்டுமானாலும் இருக்கட்டும். முதல் ஓட்டத்துக்கு முன் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். பின் சக்கரம் தூக்கினால், வண்டி தெருவுக்குத் தயார்!